லாங்சோர்டை எறியலாமா? டி அண்ட் டியில் கைச்சண்டை ஆயுதங்களை எறிவது பற்றி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது மேஜையில் பகடை உருட்டி விளையாடும் கற்பனைச் சாகச விளையாட்டு. கேரக்டர் முதல் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்). கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. இடைவெளி 40 அடி, அதாவது மேப்பில் எட்டுக் கட்டம். ஃபைட்டர் கையில் லாங்சோர்ட் மட்டும்தான், வில் இல்லை. “வாளை எறிகிறேன்” என்று சொன்னதும் டி.எம். (விளையாட்டை நடத்துபவர்) “லாங்சோர்ட் எறிகிற ஆயுதம் இல்லை, முடியாது” என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரியா? எறிந்திருந்தால் எதை உருட்ட வேண்டும்?

எறியலாம். விதியில் அதற்குத் தெளிவாக இடம் இருக்கிறது. “த்ரோன்” (எறிவதற்கானது) என்ற பண்பு இல்லாத ஒரு மெலீ ஆயுதத்தை, அதாவது கைச்சண்டை ஆயுதத்தை, எறிந்தால், அந்த நேரத்துக்கு அது இம்ப்ரொவைஸ்டு ஆயுதம், அதாவது கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வீசியது போன்ற கணக்கு. டேமேஜ், அதாவது எதிரிக்கு விழும் அடி, 1டி4: நாலு பக்கப் பகடை ஒன்றை உருட்டி வருவது. தூரம் 20/60 அடி: 20 அடி வரை சாதாரணமாக உருட்டலாம், அதைத் தாண்டி 60 அடி வரை டிஸ்அட்வான்டேஜோடு (இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). பழகிய ஆயுதத்துக்குக் கிடைக்கும் ப்ரொஃபிஷியன்சி போனஸ் சேராது. ஐந்தாம் பதிப்பின் முதல் விதிப்புத்தகமான 2014 புத்தகத்திலும் இப்படித்தான், அதைத் திருத்தி வந்த 2024 புத்தகத்திலும் இப்படித்தான். உருட்டில் சேர்ப்பது ஸ்ட்ரெங்தா (பலம்) டெக்ஸ்டெரிட்டியா (சுறுசுறுப்பு) என்றால் டெக்ஸ்டெரிட்டி. தூரத்திலிருந்து செய்யும் ஆயுதத் தாக்குதலுக்குப் பொதுவிதி அதுதான். அதை மாற்றுகிற த்ரோன் பண்பு லாங்சோர்டுக்கு இல்லை.

இந்தச் சந்தர்ப்பத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ்டெரிட்டி 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளைக் கையில் பிடித்து வெட்டினால் உருட்டில் +5 (ஸ்ட்ரெங்துக்கு 3, ப்ரொஃபிஷியன்சிக்கு 2). அதே வாளை எறிந்தால் வெறும் +1. 2014 மான்ஸ்டர் மேனுவலில் வரும் சாதாரணக் கோப்ளினுக்கு ஏசி (அடி பட உருட்டு எட்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 7. டி20இல், அதாவது இருபது பக்கப் பகடையில், 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அது 35 சதவீதம். 40 அடி என்பது 20ஐத் தாண்டியதால் டிஸ்அட்வான்டேஜ். இரண்டு டி20உம் 14ஐ எட்ட வேண்டுமென்றால் 12 சதவீதம்தான் மிச்சம். பட்டாலும் 1டி4+1, அதிகபட்சம் 5. கிரிட்டிகல் (டி20இல் 20, டேமேஜ் பகடை இரட்டிப்பு) விழுந்தால் ஒழிய, அடிபடாத கோப்ளின் சாகாது. வாளும் போய்விடும்.

அதே ஃபைட்டரிடம் ஒரு ஜாவலின் (எறியீட்டி) இருந்திருந்தால்? +5, டேமேஜ் 1டி6+3, தூரம் 30/120. 40 அடியில் இதற்கும் டிஸ்அட்வான்டேஜ் உண்டு, ஆனாலும் படுவதற்கு 30 சதவீத வாய்ப்பு. பட்டால் சராசரி 6.5. அந்த 7 ஹிட் பாயின்ட் கோப்ளின் பாதி தடவை அங்கேயே விழுந்துவிடும். விலையையும் பாருங்கள். லாங்சோர்ட் 15 தங்கம், ஜாவலின் ஒன்று 5 வெள்ளி. ஒரு வாள் விலைக்கு 30 ஜாவலின் வாங்கலாம். ஸ்ட்ரெங்தை நம்பி விளையாடும் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நாலு ஜாவலின் முதுகில் கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் எறியும் ஆயுதங்களில் இதைவிடப் பெரிய குழப்பம் வேறொன்று இருக்கிறது. பத்து வருடமாக டி.எம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில், பாதி வாக்குவாதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

“மெலீ” (கைச்சண்டை), “ரேஞ்ச்ட்” (தூரத்திலிருந்து அடிப்பது) என்ற இரண்டு சொல்லும் இந்த விளையாட்டில் இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒட்டிக்கொள்கின்றன. ஆயுதம் ஒரு வகை. தாக்குதல் இன்னொரு வகை. ஹேண்ட்ஆக்ஸ் (கைக்கோடரி) என்பது மெலீ ஆயுதம். அதை எறிந்தால் நடப்பது ரேஞ்ச்ட் தாக்குதல். எறிந்த அந்த நொடியில்கூட ஆயுதம் மெலீ ஆயுதமாகவே இருக்கிறது, மாறியது தாக்குதல் மட்டும்தான். உங்கள் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் ஒவ்வொரு திறனும் இந்த இரண்டில் எதைக் கேட்கிறது என்று நிதானமாகப் படித்துவிட்டால், மீதியெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

த்ரோன் பண்பு உள்ள மெலீ ஆயுதங்கள் மொத்தம் ஆறு: டாகர், ஹேண்ட்ஆக்ஸ், ஜாவலின், லைட் ஹாமர், ஸ்பியர், ட்ரைடென்ட். ஜாவலின் தவிர மற்ற ஐந்துக்கும் தூரம் 20/60. இவற்றைக் கையில் பிடித்துக் குத்தும்போது எந்த எபிலிட்டியோ, எறியும்போதும் அதுவே. ஹேண்ட்ஆக்ஸ் என்றால் ஸ்ட்ரெங்த். டாகர் ஃபினெஸ் ஆயுதம் என்பதால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டில் எது வசதியோ அது. “தூரத்திலிருந்து என்றால் டெக்ஸ்டெரிட்டிதானே” என்று பழக்கதோஷத்தில் ஜாவலினுக்கும் அதையே போடுகிற பார்பேரியன்கள் (வெறியோடு சண்டையிடும் வீரர் வகை) நிறையப் பேர், தேவையில்லாமல் மூன்று நான்கு புள்ளிகளை இழக்கிறார்கள். டார்ட் (சிறு எறியம்பு) மட்டும் வேறு ஜாதி. கையால் எறிவதுதான் என்றாலும் புத்தகம் அதை ரேஞ்ச்ட் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த ஒரு வரி வித்தியாசம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

ஆர்ச்சரி என்ற ஃபைட்டிங் ஸ்டைல் (கேரக்டர் தேர்ந்தெடுக்கும் சண்டைத் திறன்) “ரேஞ்ச்ட் ஆயுதம்” கேட்கிறது. டார்ட்டுக்கு உருட்டில் +2 உண்டு, எறிந்த ஹேண்ட்ஆக்ஸுக்குக் கிடையாது. டூயலிங் ஸ்டைல் ஒரு கையில் “மெலீ ஆயுதம்”, வேறு ஆயுதம் எதுவும் இல்லை என்பதை மட்டும் கேட்கிறது. தாக்குதல் மெலீயாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. ஆகவே கேடயமும் ஒரு ஜாவலினுமாக நிற்பவர் எறிந்தாலும் அந்த +2 டேமேஜ் சேரும். முதல் தடவை படிக்கும்போது பலரும் நம்ப மாட்டார்கள், வரியைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். ரோக் (திருடன் வகைக் கேரக்டர்) செய்யும் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் டேமேஜுக்கு ஃபினெஸ் ஆயுதமோ ரேஞ்ச்ட் ஆயுதமோ வேண்டும். டாகரை எறிந்தால் சரி, டார்ட் சரி, ஹேண்ட்ஆக்ஸ் எறிந்தால் கிடையாது. 2014இன் ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (கேரக்டருக்குக் கிடைக்கும் தனித்திறன்) ஒன்றுக்குள்ளேயே இரண்டு சொல்லும் இருக்கிறது. நீண்ட தூரத்துக்கான டிஸ்அட்வான்டேஜை நீக்குவதும், கவரை, அதாவது எதிரி பதுங்கும் மறைவை, பொருட்படுத்தாததும் “ரேஞ்ச்ட் ஆயுதத் தாக்குதல்” எதற்கும் பொருந்தும், எறியும் ஜாவலினுக்கும் சேர்த்து. ஆனால் −5 எடுத்துக்கொண்டு +10 டேமேஜ் போடும் பகுதி “ரேஞ்ச்ட் ஆயுதம்” கேட்கிறது, அங்கே ஜாவலின் வெளியே நிற்கிறது.

பார்பேரியன் விஷயத்தில்தான் 2014 புத்தகம் மனசை வருத்தியது. ரேஜில், அதாவது வெறிகொண்ட நிலையில், இருக்கும்போது கிடைக்கும் கூடுதல் டேமேஜ் ஸ்ட்ரெங்தை வைத்துச் செய்யும் “மெலீ ஆயுதத் தாக்குதலுக்கு” மட்டும். தற்காப்பை விட்டுக் கண்மூடித்தனமாக அடிக்கும் ரெக்லெஸ் அட்டாக்கும் அப்படியே. ஆக, வெறி பிடித்து நிற்கும் ஒருவன் கோடரியை வீசினால் அந்த வெறிக்கு மதிப்பே இல்லை. பறக்கும் எதிரி வந்துவிட்டால் பார்பேரியன் விளையாடுபவர் தன் டர்ன் வரும்போதெல்லாம் சுரத்தில்லாமல் ஒரு ஜாவலினை எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். என் மேஜையில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். 2024 புத்தகத்தில் இரண்டையும் திருத்திவிட்டார்கள். இப்போது ஸ்ட்ரெங்தை வைத்துச் செய்யும் தாக்குதல் என்றாலே போதும், எறிந்தாலும் ரேஜ் டேமேஜ் சேரும், ரெக்லெஸாகவும் எறியலாம். பாலடினுக்கும் (புனித வீரர்) நல்ல செய்தி. கூடுதல் டேமேஜ் தரும் அவரது பழைய டிவைன் ஸ்மைட் மெலீ ஆயுதத் தாக்குதலைக் கேட்டது. புதியது “மெலீ ஆயுதத்தால்” பட்டால் போதும் என்கிறது. ஜாவலின் மெலீ ஆயுதம்தான் என்பதை மேலே பார்த்தோம். 30 அடி தள்ளி நிற்கும் எதிரி மேல் ஸ்மைட் இறங்கும்.

அடுத்தது, ஆயுதத்தை உருவுவது. 2014 விதியில் விளையாடுகிறவர்களுக்கு இது நிஜமான தலைவலி, அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். அம்பு என்றால் தூணியிலிருந்து எடுப்பது தாக்குதலுக்குள்ளேயே அடங்கிவிடும். எறியும் ஆயுதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு டர்னில் ஒரு பொருளைத்தான் இலவசமாக எடுக்கலாம். ஐந்தாம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு டர்னில் இரண்டு தாக்குதல்) கிடைத்த ஃபைட்டரை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் கேடயம், மறு கையில் ஏற்கெனவே ஒரு ஜாவலின். முதல் டர்னில் அதை எறிகிறார், இலவசமாக இன்னொன்றை உருவி அதையும் எறிகிறார். அருமை. அடுத்த டர்னில் கை காலி. ஒன்றை உருவி எறிகிறார். இரண்டாவது தாக்குதலுக்குக் கையில் ஒன்றுமில்லை. பக்கத்திலேயே வில்லாளி இரண்டு அம்பு விட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு மருந்தாக 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் த்ரோன் வெப்பன் ஃபைட்டிங் என்று ஒரு ஸ்டைல் கொடுத்தார்கள். எறிகிற தாக்குதலோடு சேர்த்தே உருவிக்கொள்ளலாம், பட்டால் +2 டேமேஜும் உண்டு. 2024இல் அந்த உருவும் வசதியை த்ரோன் பண்புக்குள்ளேயே எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். நீங்கள் 2014 புத்தகத்திலேயே தொடர்ந்து விளையாடுவதாக இருந்தாலும், இந்த ஒரு வரியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் டி.எம்.மிடம் கேளுங்கள். நான் பல வருடம் முன்பே அப்படித்தான் நடத்த ஆரம்பித்தேன். சமநிலை எதுவும் கெடவில்லை. கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது, 1டி6 டேமேஜ் செய்யும் ஒரு மரக்கோல்தானே.

மேஜையில் அடிக்கடி மறந்துபோகிற சில விஷயங்களும் உண்டு. எறிவது ரேஞ்ச்ட் தாக்குதல் என்பதால், உங்களிடமிருந்து 5 அடிக்குள் உங்களைப் பார்க்கக்கூடிய, செயலிழக்காத எதிரி நின்றால் டிஸ்அட்வான்டேஜ். ஸ்பியரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவனைக் குத்துங்கள், எறியாதீர்கள். கீழே விழுந்து கிடப்பவனைத் தூரத்திலிருந்து எறிந்து அடிப்பதும் டிஸ்அட்வான்டேஜ்தான். நடுவில் ஆள் நின்றால், அது உங்கள் கூட்டாளியாகவே இருந்தாலும், எதிரிக்குப் பாதி கவர், ஏசியில் +2. 2014 விதிகளில் தண்ணீருக்கடியில் ஜாவலின், ஸ்பியர், ட்ரைடென்ட், டார்ட் ஆகியவற்றைச் சாதாரணத் தூரத்துக்குள் தடையில்லாமல் எறியலாம், ஹேண்ட்ஆக்ஸை எறிந்தால் டிஸ்அட்வான்டேஜ். கடல் சாகசம் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தூரம் ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் வாங்கிய எறிதல் 87.58 மீட்டர், கிட்டத்தட்ட 287 அடி. விளையாட்டில் ஜாவலினுக்கு 120 அடிதான் உச்சம். ஆனால் நீரஜ் ஓடிவந்து, முழு உடம்பையும் வளைத்து, காலியான புல்வெளியில் எறிகிறார். இங்கே ஆறு நொடிச் சுற்றுக்குள், ஒருபக்கம் கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகர்ந்துகொண்டே இருக்கும் ஓர் ஆளைக் குறிபார்க்க வேண்டும். 30 அடி, அதாவது ஒன்பது மீட்டர், எனக்கு நியாயமாகவே படுகிறது.

லாங்சோர்டுக்கு ஏன் இப்படி ஓரவஞ்சனை என்பதற்கும் இதே மாதிரி காரணம் உண்டு. ஈட்டியின் எடை முனைப்பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் முனை முன்னால் போகும். வாளை அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள், கையில் லாகவமாகச் சுழல வேண்டுமென்று எடையைக் கைப்பிடிப் பக்கம் கொண்டுவருவார்கள். அதை எறிந்தால் காற்றில் புரண்டுகொண்டே போகும். விளிம்பு படுமா, தட்டைப் பக்கம் படுமா, கைப்பிடிதான் போய் மோதுமா என்று எறிந்தவருக்கே தெரியாது. அதனால்தான் கிரேட்சோர்ட் ஆனாலும் சரி, ரேபியர் ஆனாலும் சரி, எறிந்தால் அதே 1டி4. என்ன வகை டேமேஜ் என்பதைக்கூட டி.எம். முடிவு செய்யட்டும் என்று 2024 புத்தகம் விட்டிருக்கிறது.

பழைய 3.5 பதிப்பு இதை இன்னும் விரிவாகக் கையாண்டது. எறிவதற்கென்று செய்யாத ஆயுதம் என்றால் உருட்டில் −4. பத்து அடிக்கு ஒரு படி, படி தாண்டத் தாண்ட இன்னும் கழியும். இரண்டு கையால் பிடிக்கும் ஆயுதமாக இருந்தால் ஒரு முழுச் சுற்றே அதற்குச் செலவாகிவிடும். அந்தப் பதிப்பை விட்டுப் பல வருடம் ஆகிறது, ஆனால் கிரேட்சோர்டைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி வீச நேரம் பிடிக்கும் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

மாய வாளாக இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும். +1 லாங்சோர்டின் விளக்கம் “இந்த ஆயுதத்தைக் கொண்டு செய்யும் தாக்குதல், டேமேஜ் உருட்டுகளுக்கு +1” என்ற அளவில்தான் இருக்கிறது, மெலீ என்று கட்டுப்படுத்தவில்லை. எறிந்தாலும் நான் அந்த +1 கொடுப்பேன். ஃபினெஸ் இருக்கிறதே என்று ரேபியரை எறிந்து ஸ்னீக் அட்டாக் கேட்டால் கொடுக்க மாட்டேன். எறியும்போது அது இம்ப்ரொவைஸ்டு ஆகிவிட்டது, நுணுக்கமெல்லாம் கையை விட்டபோதே போயிற்று என்பது என் தீர்ப்பு. வேறு டி.எம். வேறு மாதிரி சொல்லலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஆயுதத்தை எறிந்து எறிந்தே வாழ ஆசைப்படுபவர்களுக்கு அது தானாகத் திரும்பி வரும் வழிகளும் இருக்கின்றன. ட்வார்ஃப் (குள்ளர் இனத்தவர்) ஒருவர் அட்யூன் செய்துகொண்ட, அதாவது தன்னோடு பிணைத்துக்கொண்ட, ட்வார்வன் த்ரோயர் சுத்தியல், +3 போனஸோடு 20/60 அடி பறந்து, அடித்துவிட்டுக் கைக்கே வரும், ஜயன்ட்கள் மேல் இன்னும் பலமாக விழும். ஆர்ட்டிஃபிசர் (மாயப் பொருள் செய்பவர்) ஒருவர் குழுவில் இருந்தால் ரிட்டர்னிங் வெப்பன் இன்ஃப்யூஷன் (ஆயுதத்தில் ஏற்றும் மாயம்) போட்டுக் கொடுக்கலாம். 2023இல் வந்த பாத் ஆஃப் த ஜயன்ட் பார்பேரியன், ஆறாம் லெவலில் ரேஜில் இருக்கும்போது கையில் இருக்கும் எந்த ஆயுதத்தையும் எறிந்து திரும்பப் பெறலாம். கிரேட்சோர்டை வீசியே தீர வேண்டும் என்பவர்களுக்கு முறையான வழி அதுதான்.

அப்படியானால் சாதாரண ஃபைட்டர் லாங்சோர்டை எறிவது எப்போதுமே மோசமான முடிவா? இல்லை. ஒருமுறை என் மேஜையில் நடந்தது நினைவிருக்கிறது. எதிரி மந்திரவாதி ஹோல்ட் பெர்சன் மந்திரம் போட்டு எங்கள் க்ளெரிக்கை (பூசாரி வகைக் கேரக்டர்) அசையவிடாமல் நிறுத்திவிட்டான், அவள் பக்கத்தில் கோடரியோடு ஒருவன். ஃபைட்டருக்கும் மந்திரவாதிக்கும் நடுவில் ஒரு பள்ளம், இடைவெளி 20 அடி, தாண்ட வழியில்லை. ஃபைட்டர் விளையாடிய பெண் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மேப்பையே பார்த்தார். அப்புறம் “வாளை எறிகிறேன்” என்றார். மந்திரவாதிக்குக் கவசம் கிடையாது, ஏசி 12. உருட்டினார், 15. டேமேஜ் மூன்றே மூன்று. ஆனால் மந்திரத்தைப் பிடித்து வைத்திருப்பவர் மேல் ஒரு புள்ளி டேமேஜ் விழுந்தாலும் கான்சன்ட்ரேஷன் சேவ் (மந்திரம் கலையாமல் காக்கும் உருட்டு) போட வேண்டும், டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், குறைந்தது 10. மந்திரவாதிக்கு 6 விழுந்தது. மந்திரம் கலைந்தது, க்ளெரிக் அசைந்தாள், கோடரிக்காரனுக்கு அவளை அடிக்க இருந்த சலுகையெல்லாம் போயிற்று. அன்று ஃபைட்டரிடம் மிச்சம் இருந்தது கேடயம் மட்டும்தான், சண்டை முடியும் வரை அதாலேயே இடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். 1டி4 டேமேஜ் போதாது என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் “முடியாது” என்று சொல்லும் டி.எம்.களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. விதி ஏற்கெனவே விலையைச் சொல்லிவிட்டது: உருட்டு பலவீனம், டேமேஜ் குறைவு, ஆயுதம் கையை விட்டுப் போகிறது, எதிரியே அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த விலையைக் கொடுக்க விளையாடுபவர் தயார் என்றால் உருட்டவிடுங்கள். நான் ஒரு சிறு தளர்வும் தருகிறேன். ஸ்ட்ரெங்தை நம்பியிருக்கும் ஃபைட்டர் தன் வாளை எறிந்தால் டெக்ஸ்டெரிட்டிக்குப் பதில் ஸ்ட்ரெங்தைச் சேர்க்கச் சொல்வேன், ப்ரொஃபிஷியன்சி மட்டும் கிடையாது. இது வீட்டு விதி, புத்தகத்தில் இல்லை. ஜாவலினைவிட அப்போதும் அது பலவீனம்தான், அதனால் யாரும் இதைப் பழக்கமாக்கிக்கொண்டதில்லை.

உங்கள் கோப்ளினுக்குத் திரும்புவோம். அடுத்த சந்தைக்குப் போகும்போது ஜாவலின் வாங்குங்கள், நாலு ஜாவலினுக்கு இரண்டு தங்கம் ஆகும். 2024 விதியில் விளையாடுவதாக இருந்தால் இன்னும் லாபம். ஜாவலினின் வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்தின் தனிச் சலுகை) ஸ்லோ, அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அடிபட்டவனின் வேகம் உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும் வரை 10 அடி குறையும். ஓடுகிறவனை மடக்க அதைவிட வேறென்ன வேண்டும். சண்டை முடிந்ததும் எறிந்ததையெல்லாம் பொறுக்கிக்கொள்ளுங்கள். அம்புகளில் பாதிதான் திரும்பக் கிடைக்கும் என்ற விதி எறியும் மெலீ ஆயுதங்களுக்குப் பொருந்தாது, விழுந்த இடத்திலேயே அத்தனையும் கிடக்கும், முதுகில் ஒன்றோடு கோப்ளின் தப்பி ஓடியிருந்தால் ஒழிய.